மூடி திறக்காத ஐந்து மணி நேரம்

எண்பது பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் நான். பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் சத்துணவுச் சமையல் வேலை. எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கலாம். திரும்பி வர மூன்றரைக்குத்தான் பஸ். இடையில் ஒன்றும் கிடையாது. ஆக, மத்தியானம் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சுடச்சுடச் சோறு போடுகிறவளால், வீட்டுக்காரர் ஒருவருக்கு ஒரு கரண்டி சூடாகப் போட முடியாது. சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை நோய். மிளகாய்க் காட்டில் கண்ணாடிச் சில்லு ஏறியது தெரியாமலேயே நான்கு நாள் நடந்திருக்கிறார். அவ்வளவு மரத்துப்போன கால். கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அதோடு மத்தியானமும் ஒரு இன்சுலின் ஊசி என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். பன்னிரண்டு மணிக்கு ஊசி, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. "ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா உயிருக்கே ஆபத்தும்மா" என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அவரைப் பார்த்துச் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்று டாக்டருக்கே தெரிந்துவிட்டது போல.

காலையில் ஆக்கி ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போனேன். மனுஷனுக்கு ஆறினது ஆகாது. பச்சைத் தண்ணீரைக் கூடக் குடித்துவிடுவார். ஆறின குழம்பைத் தொட மாட்டார். அந்த வீம்பில் ஒரு நாள் ஊசியைப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து பார்த்து மூடிவிட்டுப் படுத்துவிட்டார். நான்கு மணிக்கு நான் வீட்டுக்குள் நுழையும்போது சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. நாக்குக் குழறுகிறது. என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.

கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம். சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். நான் தெளியவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் காதுக்குள் இருக்கிறது.

அவசரத்துக்கு என்று அவர் சட்டைப்பையில் மிட்டாய்ப் பாக்கெட் ஒன்று வைத்தேன். டாக்டர் சொன்னதுதான். இரண்டே நாளில் காகிதம் மட்டும் மிச்சம். அவசரத்துக்கு வைத்ததை அவசரமே இல்லாமல் தின்று தீர்த்தால் என்ன செய்வது? மறுபடி வைத்தேன், மறுபடியும் தின்றார். அடுப்பில் தானே சுட வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு நாள் கேஸைத் திறந்து விட்டுவிட்டுப் பத்த வைக்க மறந்தார். பக்கத்து வீட்டில் இருக்கிற என் கொழுந்தன் பெஞ்சாதி மோப்பம் பிடித்து ஓடி வந்திராவிட்டால் அன்றைக்கு வீடே போயிருக்கும். அவளையும் எப்போதும் நம்ப முடியாது. விடிந்தால் காட்டுக்குப் போகிறவள். அன்றிலிருந்து சிலிண்டரை மூடி, அதன் தலையை, அந்த ரெகுலேட்டரைக் கழற்றி என் பையிலேயே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள்தான் போனில் அந்தச் சட்டியைக் காட்டினாள். கரண்டில் மெதுவாக வேகிற சட்டி. காலையில் எல்லாவற்றையும் போட்டு, எத்தனை மணி நேரம் என்று பொத்தானில் சொல்லிவிட வேண்டும். நேரம் முடிந்ததும் பீப் பீப் என்று கூப்பிட்டு, சூடு ஆறாமல் தானே பார்த்துக்கொள்ளும். பொங்காது, அடிப்பிடிக்காது. அருப்புக்கோட்டைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவரிடமும் இல்லை. குக்கர் என்றால் விசில் அடிக்க வேண்டாமா என்று ஒரு கடைக்காரர் என்னையே திருப்பிக் கேட்டார். வேறு வழியில்லாமல் மகளையே போனில் வாங்கி அனுப்பச் சொன்னேன்.

அதிலும் மூன்று அளவு. ஒன்றரை லிட்டர், மூன்றரை, ஆறரை. நமக்கு மூன்றரையே தாராளம் என்றாள் மகள். எனக்கு ஒத்து வரவில்லை. அண்டாவில் துழாவிப் பழகிய கை. இரண்டு பேருக்கு உலை வை என்றால் எனக்கு உப்பு அளவே தப்பிப்போகும். மூன்றரை லிட்டரில் என் கை நுழைந்து கழுவுமா என்று சண்டை போட்டு ஆறரையையே வாங்க வைத்தேன். திருகுகிற குமிழ் வைத்தது விலை குறைவு. அது வேண்டாம், கரண்டு போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறதுதான் வேண்டும் என்று நின்றேன். எங்கள் ஊரில் கரண்டு போகும், வரும், மறுபடி போகும். அதற்குத்தான் பயந்தேன்.

மகள் அனுப்பிய பெட்டி எங்கள் ஊருக்கு வரவில்லை, பாளையம்பட்டி வரைக்கும்தான் வந்தது. போய் எடுத்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே இருக்கிற பீங்கான் சட்டியே ஆட்டுக்கல் கனம் கனத்தது. இறக்கி வைத்ததும் அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல யாருக்குக் கெடா வெட்டப் போற?" என்றார். உங்களுக்குத்தான் என்றேன்.

கூடவே வந்த புத்தகத்தில் இரண்டு விஷயம் கண்டிப்பாகப் போட்டிருந்தது. சட்டி பாதிக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். வேகிறபோது மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு இறங்கி, திரும்ப ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். முதலாவது சரி. ராத்திரிச் சாப்பாட்டையும் கொழுந்தன் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி அளவையும் சேர்த்துப் போட்டால் பாதி நிறைந்துவிடும். இரண்டாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூடியைத் திறக்காமல், விரலால் ஒரு பருக்கையை நசுக்காமல் நான் எதைச் சமைத்திருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் பருக்கை நசுங்கி, நான் ஒரு வாய் தின்று, டீச்சர் ஒரு வாய் தின்று, கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் தட்டில் கரண்டி இறங்கும். அது அங்கே சட்டம். காய்ச்சலில் நாக்கு கசந்து கிடந்த நாளிலும் நான் தின்று பார்க்காமல் ஒரு தட்டு நகர்ந்ததில்லை.

தீபாவளி லீவில் சோதித்துப் பார்த்தேன். குதிரைவாலி, ஊற வைத்த தட்டப்பயறு, முருங்கைக்கீரை, பூண்டு, தண்ணீர். ஐந்து மணி நேரம் என்று அமுக்கினேன். பச்சை வெளிச்சத்தில் ஐந்து வந்தது. கண்ணாடி மூடிக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெளியே நச நசவென்று மழை. ஐந்து மணி நேரம் கழித்து அது பீப் அடித்தபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் கஞ்சி குழைந்து, பயறு வெண்ணெயாக வெந்து கிடந்தது. அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. அடுத்த வாரமும். கார்த்திகை முடிந்து மார்கழியும் போனது. ஒரு நாள் கூட அது ஏமாற்றவில்லை. வீட்டில் ஒரு மாமியார் வந்து உட்கார்ந்தது போல, நேரத்துக்குக் கூப்பிட்டு அதட்டுகிறது என்று அவர் கேலி செய்தார்.

என் பயம் மட்டும் போகவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேள்வி ஆரம்பிக்கும். பிளக்கைச் சரியாகச் சொருகினேனா, பொத்தானை அமுக்கினேனா, வயர் சூடாகிப் பத்திக்கொண்டால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் எப்படி வெளியே வருவார்? இதற்காகவே கிளம்பும்போது அந்தப் பச்சை எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்வேன். பஸ்ஸில் நான்கு தடவை எடுத்துப் பார்ப்பேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேரப்பிள்ளை படமா என்று எட்டிப் பார்த்ததும் உண்டு. படத்தைப் பார்த்தால் மூச்சு ஒழுங்காக வரும்.

அந்தத் தைரியத்தில் ஒரு காரியம் செய்தேன். நேரத்துக்குச் சோறுதான் கிடைக்கிறதே, இனி அவசரம் எங்கிருந்து வரப்போகிறது என்று வீட்டில் இருந்த இனிப்பு மொத்தத்தையும் ஒளித்து வைத்தேன். சீனி டப்பாவைக் கொழுந்தன் வீட்டிலேயே கொடுத்துவிட்டேன். பொங்கலுக்கு வாங்கிய வெல்லத்தில் மிஞ்சியதை அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்தில் புதைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள். வழக்கம் போல ஏழரைக்கு ஐந்து மணி நேரம் வைத்து, படம் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறினேன். பன்னிரண்டே முக்காலைத் தாண்டியிருக்கும். பிள்ளைகளுக்கான சாதத்தைத் தின்று பார்த்துவிட்டு, வேர்வையைத் துடைக்க வகுப்புக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றேன். காற்றே வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். விசிறியின் மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்கு என்ன வந்தது என்று எனக்கு உதவியாக இருக்கிற ஆயாவிடம் கேட்டேன். மழை நின்றுவிட்டது, எல்லாரும் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்றாள். "ஒம்பது மணிக்கு மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்துச்சு. அத்தன மோட்டாரும் ஓடுது. பெறகு வோல்டேஜ் எங்க இருக்கும்?"

எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரே லைன். வோல்டேஜ் குறைந்தால் சட்டியிலும் சூடு ஏறாது.

போனை எடுத்துப் படத்தைப் பார்த்தேன். ஐந்து என்றுதான் இருந்தது. அது ஐந்து என்று சொன்னது உண்மை, முடிந்தது என்று இந்நேரம் பீப் அடித்திருப்பதும் உண்மை. ஆனால் அது எண்ணுவது மணியைத்தான். உள்ளே வெந்ததா வேகவில்லையா என்று அதற்கு என்ன தெரியும்? கரண்டு போகும் என்று பயந்து பயந்து வாங்கினேனே, கரண்டு இருந்துகொண்டே கழுத்தை அறுக்கும் என்று ஏன் தோன்றவில்லை? மழைக்காலம் முழுக்க மோட்டார் ஓடவில்லை. பொங்கல் லீவில் நான்தான் வீட்டில் இருந்தேன், அடுப்பில் ஆக்கினேன். அதன் சாமர்த்தியம் எல்லாம் மோட்டார் ஓடாத நாளின் சாமர்த்தியம்தான். பன்னிரண்டு மணிக்கு அவர் ஊசியைப் போட்டிருப்பார்.

அவருக்கு அடித்தேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கொழுந்தன் பெஞ்சாதிக்கு அடித்தால் லைனே போகவில்லை. காட்டில் டவர் கிடைக்காது. வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பழைய சோறு இல்லை, இட்லி மாவு இல்லை, எல்லாமே அந்த ஒரு சட்டிக்குள். அடுப்பில் ஏதாவது சுட வைத்துக்கொள்ளலாம் என்றால் சிலிண்டரின் தலை இங்கே என் பையில். சீனி அடுத்த வீட்டில், அந்த வீட்டில் பூட்டு. வெல்லம் டிரம்முக்குள். ஒன்று விடாமல் எல்லாக் கதவையும் நானே அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். வாய்க்கு வந்தபடி சொன்னேன். பரிமாறுவதை ஆயாவிடம் விட்டுவிட்டு, தன் ஸ்கூட்டியில் ஏறச் சொன்னார். அந்த ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்துக்காக ஏங்கியிருக்கிறோம். அன்றைக்கு ஒவ்வொரு மோட்டாரையும் திட்டிக்கொண்டே போனேன். எங்கள் கிணற்றைத் தாண்டும்போது பார்த்தேன், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. போன் போட்டால் மோட்டார் ஓடுகிற பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறோம். படுத்த இடத்திலிருந்தே அவர் போட்டு விட்டிருக்கிறார்.

வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலில் இல்லை. சட்டியின் மூடி திறந்து கிடந்தது. தரையில் ஒரு தட்டு, அதில் பாதி தின்ற பயறு. சமையல்கட்டு மூலையில் டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அரிசி தரையெல்லாம் சிந்திக் கிடக்கிறது. வாயில் வெல்லம்.

பயந்து பயந்து ஓடி வந்தவள் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "திருட்டுத்தனமா இதையும் கண்டுபிடிச்சிட்டீகளா?" என்று கத்தினேன். பழக்கம். வாய் கத்தி முடித்த பிறகுதான் கண் பார்த்தது. நெற்றியில் வேர்வை வழிகிறது, கை வெடவெடவென்று ஆடுகிறது, வெல்லக் கட்டி பல்லில் தட்டித் தட்டி விழப் பார்க்கிறது. பக்கத்தில் விழுந்து உட்கார்ந்து கட்டியை என் கையால் பிடித்துக்கொண்டேன். டீச்சர் தண்ணீர் கொண்டு வந்தார். நான் யார் என்று தெரிகிறதா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு உயிர் போய்விட்டது.

அவர் வெல்லத்தை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பொங்கலுக்கு மறுநாளே கண்டுபிடிச்சிட்டேன். தெனம் ஒரு துண்டு." திருடியதை ஒப்புக்கொண்டால் நான் யாரென்று தெரிகிறது என்றுதானே அர்த்தம்.

தெளிந்த பிறகு மிச்சத்தைச் சொன்னார். பீப் அடித்ததும் மூடியைத் திறந்திருக்கிறார். பயறு பல்லில் உடையவில்லை. ஊசி போட்டாகிவிட்டதே என்று தட்டில் போட்டு மென்று பார்த்திருக்கிறார். அதிகாலையில் எழுந்து நான் வைத்துவிட்டுப் போனது, வேகவில்லை என்று சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன் என்று நினைத்தாராம். மென்று மென்று தாடை வலித்து, பிறகுதான் வேர்க்க ஆரம்பித்திருக்கிறது. போன் அடித்தபோது எழுந்திருக்கிறார்.

"உள் ரூம்ல போனு அடிக்குது. இங்கிட்டு டிரம்மு இருக்கு. ரெண்டு பக்கமும் நடக்கத் தெம்பில்ல. போனை எடுக்கவா, வெல்லத்த எடுக்கவான்னு பாத்தேன். நீ திட்டுனாத் திட்டிட்டுப் போன்னு வெல்லத்த எடுத்தேன்."

ஒளித்து வைத்தவள் நான். என் பேச்சைக் கேட்டு ஒழுங்காக இருந்திருந்தால் அன்றைக்கு அந்த மனுஷன் இல்லை.

மகள் ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டச் சொன்னாள். மாட்டியிருக்கிறோம். டக் டக் என்று அது ஒரு பக்கம் அடித்துக்கொண்டு கிடக்கிறது. மோட்டாரை ஒரு மணிக்கு மேல்தான் போடுகிறார். ஊரில் மற்றவர்களை நிறுத்தச் சொல்ல நான் யார்? அதனால் சட்டியை ஏழுக்கே வைத்து, பன்னிரண்டு மணிக்கு முடிகிற மாதிரி மாற்றிவிட்டேன். அவர் முதலில் மூடியைத் திறக்க வேண்டும். ஒரு பயறை விரலில் நசுக்க வேண்டும். நசுங்கினால்தான் ஊசி. நசுங்காவிட்டால் எனக்குப் போன் செய்துவிட்டு, நான் தனியாக வைத்துவிட்டுப் போகிற இட்லியைச் சாப்பிட வேண்டும். ஆறினதுதான். சத்தம் போடாமல் சம்மதித்தார்.

இதையெல்லாம் நான் ஏன் முதலிலேயே செய்யவில்லை? எண்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்குக் கூட நான் தின்று பார்க்காமல் போட்டதில்லை. வீட்டில் மட்டும், ஒரு பச்சை எண்ணை நம்பி, முதல் வாயை அவரைத் தின்ன வைத்தேன். இப்போது பன்னிரண்டு மணிக்குத் தவறாமல் போன் போடுகிறேன். அங்கே அவர் பயறை நசுக்குகிறார், இங்கே நான் ஒரு வாய் சாதம் தின்கிறேன். வெந்திருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் என் கை கரண்டிக்குப் போகும். அவர் போனை எடுப்பதற்குள் மணி இரண்டு தடவை கூடுதலாக அடித்துவிட்டால் அன்றைக்கு நான் தின்கிற சாதத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. டீச்சர்தான் சொல்வார்.

வெல்லம் இப்போது சட்டிக்குப் பக்கத்திலேயே, மூடாத கிண்ணத்தில் இருக்கிறது. ஐந்து கட்டி. அவசரத்துக்கு. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்ப்பேன். நேற்று வந்து பார்த்தேன். நான்கு இருந்தது.

பையைக் கீழே வைக்கக் கை வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை. மயக்கம் வந்துச்சா, மறைக்காமச் சொல்லுங்க என்றேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"இல்ல. ஆசையாத்தான் இருந்துச்சு" என்றார்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.